கட்டுப்படாத இரத்த அழுத்தமா, விழுங்கப்படாத மாத்திரையா? விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

நாமக்கல் மாவட்டத்து விசைத்தறிப் பகுதியில் வசிக்கும், ஐம்பதுகளின் நடுவிலுள்ள தறித் தொழிலாளி ஒருவருக்கு, இரண்டு மருந்துகள் மாதம் தவறாமல் வழங்கப்பட்டும் இரத்த அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. மூன்றாவது மருந்தைச் சேர்க்கலாமா என்ற கேள்வியோடுதான் அவருடைய பதிவேடு மறுஆய்வுக்கு வந்தது. மருந்து பலன் தரவில்லை என்று முடிவு செய்வதற்கு முன் அது உடலுக்குள் போனதா என்று பார்க்க வேண்டும் என்பது எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கும் பாடம். ஆனால் நோயாளி எந்தக் கணக்கில் மாத்திரையை விழுங்கினார், எந்தக் கணக்கில் விட்டார் என்று கேட்டறிவது அந்தப் பாடத்தைவிடக் கடினமான வேலை. இவர் மறதியால் மருந்தை விட்டவர் அல்லர். அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. அது பெரும்பாலும் பிழையான கணக்குதான் என்றாலும், அதன் ஒவ்வொரு படியும் அவர் கண்ணால் கண்ட ஏதோ ஒன்றை ஆதாரமாகக் கொண்டிருந்தது. அடையாளம் வெளிப்படாதிருக்க அவரைப் பற்றிய சில விவரங்கள் இங்கு மாற்றப்பட்டுள்ளன.

பின்னணி

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தமிழ்நாடு முழுவதும் விரிந்தபோது, வீடு தேடி வந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்தான் இவருடைய இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தார். அளவு 164/98 இருந்தது. வேறொரு நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மீண்டும் அளந்து உறுதி செய்தபின் அம்லோடிபின் 5 மி.கி. தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்ந்தது. மறுஆய்வுக்கு ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன் அம்லோடிபின் நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகளாக, அதாவது 10 மி.கி. ஆக உயர்த்தப்பட்டது. நீரிழிவு இல்லை, புகைப்பழக்கமும் இல்லை.

பதிவேட்டைப் புரட்டினால் ஒரு மாதம் 138/86, அடுத்த முறை 168/102, பிறகு 142/88, அதன்பின் 176/104 என்று அளவுகள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. மருந்து வழங்கிய கட்டத்தில் மட்டும் ஒரு மாதம்கூடக் காலியாக இல்லை. மாத்திரை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததற்குச் சான்று இருந்தது. அதற்கு மேல் அந்த மாத்திரைக்கு என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு அட்டையில் கட்டமே கிடையாது.

நிகழ்வு

ராத்திரி ஷிப்டில், விடிவதற்குச் சில மணி நேரம் முன்பு, அறுந்த பாவு இழையைப் பிடித்து முடிச்சுப் போட முயன்றபோது இவருடைய வலக்கை விரல்கள் பேச்சுக் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய முடிச்சு அது. இரண்டு மூன்று முறை இழை நழுவியது. பக்கத்துத் தறிக்காரரைக் கூப்பிட்டபோது வாய் குழறியிருக்கிறது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் கையும் பேச்சும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதால், தூக்கக் கலக்கம் என்று சொல்லிவிட்டு மீதி ஷிப்டை முடித்து வீட்டுக்குப் போனவர், மறுநாள் இரவும் வேலைக்குச் சென்றார். மருந்து கொடுக்க வந்த தன்னார்வலரிடம் மனைவி பேச்சுவாக்கில் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால், செய்தி வெளியே வந்திருக்காது.

மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் சிறிது நேரம் தடைபட்டு மீள்வது, முழுமையான பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பாக அமையக்கூடியது. அதை அடுத்து வரும் இரண்டு நாட்களில்தான் ஆபத்து மிகுதி. கை சரியாகிவிட்டாலும் அந்த இரவே 108 ஆம்புலன்சில் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாம் நாள் சுகாதார நிலையத்துக்கு வந்தபோது அளவு 188/110. உடனே மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். தலை ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லை. இசிஜியில் இதயத்தின் இடக் கீழறைச் சுவர் தடித்திருப்பதற்கான அறிகுறிகள் தெரிந்தன. இரத்த அழுத்தம் மருத்துவரைக் கண்ட பதற்றத்தில் அவ்வப்போது ஏறியது அன்று, ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இயல்பான அளவில் இருந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டினும் சேர்க்கப்பட்டு, இரத்த அழுத்த மருந்தை மறுபரிசீலனை செய்யும்படி குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டில் கண்டது

மூன்றாவது மருந்தாகக் குளோர்தாலிடோன் எழுதுவதற்கு முன், வீட்டில் இருக்கும் மாத்திரைகளைப் பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் தன்னார்வலர். அதே ஊர்க்காரர், நோயாளியை அண்ணா என்று கூப்பிடுபவர். அவர் கேட்டதும் எவர்சில்வர் டப்பா ஒன்று தயக்கமின்றிக் கூடத்துக்கு வந்தது. அதற்குள் அம்லோடிபின் அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக, பெரும்பாலும் பிரிக்கப்படாமலே இருந்தன. டெல்மிசார்டன் அட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழிகள் காலியாக இருந்தன. கூடவே மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டை ஒன்றும் கிடந்தது. அதில் மட்டும் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம்.

மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் இவரிடம் கேட்கப்பட்டது, "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" என்ற ஒரே கேள்விதான். அதற்கு ஆம் என்பதைத் தவிர வேறு பதில் சொல்லும் நோயாளி அபூர்வம். 1986இல் மோரிஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட நான்கு கேள்விகள், எப்போதாவது மறந்துபோகிறதா, சில நேரம் அலட்சியம் வந்துவிடுகிறதா, உடம்பு நன்றாக இருக்கும்போது நிறுத்துவதுண்டா, மருந்தால் உடம்பு கெடுவதாகத் தோன்றினால் நிறுத்துவதுண்டா என்று விடுவதற்கான காரணங்களைத் தனித்தனியாகத் தொட்டுக் கேட்கின்றன. விட்டேன் என்று ஒப்புக்கொள்வதையே அவை எளிதாக்குகின்றன. நெடுநாள் மருந்து உட்கொள்வோரில் வளர்ந்த நாடுகளில்கூட ஏறத்தாழ பாதிப்பேர்தான் சொன்னபடி உட்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதைச் சொல்லி, பலருக்கும் விட்டுப்போவதுதான், உங்களுக்குப் போன வாரம் எத்தனை நாள் விட்டது என்று கேட்டபோது, மூடிவைத்திருந்த கணக்கை அவர் மெல்லப் பிரித்தார்.

அவருடைய கணக்கு

முதலாவது, கொதிப்பு ஏறினால் தனக்குத் தெரியும் என்பது. "மண்டை கனத்தா, பொடனி வலிச்சா ஏறியிருக்குன்னு அர்த்தமுங்க. அன்னைக்குப் போட்டுக்குவேன். சும்மா இருக்கறப்ப எதுக்குங்க?" என்றார். இரத்த அழுத்தத்துக்கு அறிகுறி கிடையாது என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருப்பதை அவர் படித்திருக்கிறார். மற்றவர்களுக்கு அப்படித்தான் என்று ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார். தனக்கு மட்டும் விதிவிலக்கு. இது இவருக்கே உரிய முரண் அன்று. மேயர், லெவென்தால், கட்மன் ஆகியோர் அமெரிக்காவில் இரத்த அழுத்த நோயாளிகளிடம் விசாரித்து 1985இல் வெளியிட்ட ஆய்விலும், இரத்த அழுத்தம் ஏறியிருப்பதை மனிதர்களால் உணர முடியாது என்று ஒப்புக்கொண்டவர்களே, தங்களால் உணர முடிவதாகவும் பெருமளவில் கூறினர். ஆகவே அறிகுறி இல்லாத நோய் என்று சொல்லிக்கொடுப்பதனால் மட்டும் இந்த நம்பிக்கை அசையாது.

இரண்டாவது, வெறும் வயிற்றில் மாத்திரை சூடு என்பது. பட்டறையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வாரம் மாறி வாரம் பகலும் இரவுமாக மாறும். மருந்துச் சீட்டில் காலை உணவுக்குப் பின் என்று எழுதியிருந்தது. ராத்திரி ஷிப்ட் வாரங்களில் காலை எட்டு மணிக்கு மேல் வீடு திரும்புபவர் ஒரு டீயோடு படுத்துவிடுவார். காலை உணவே கிடையாது. உணவில்லை என்றால் மாத்திரையும் இல்லை. சீட்டில் உள்ளதை அவர் எழுத்துக்கு எழுத்து மதித்ததன் விளைவாகவே மாதத்தில் பாதி நாட்கள் மருந்தில்லாமல் போயின. அம்லோடிபினையோ டெல்மிசார்டனையோ உணவோடு சேர்த்துத்தான் உட்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமை விரதங்களும் இதே கணக்கில் சேர்ந்தன.

மூன்றாவது, சிறுநீரகம் பற்றிய அச்சம். தமிழ்நாட்டில் இரத்த அழுத்தச் சிகிச்சை தரும் எவரும் வாரத்துக்குப் பலமுறை கேட்கும் அச்சம் இது. "எங்க பட்டறையில ஒருத்தரு பத்து வருசமா மாத்திரை போட்டவருங்க. இப்ப வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் போறாரு." பார்த்ததை வைத்துப் பேசுபவரிடம் உங்கள் எண்ணம் தவறு என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோக முடியாது. அந்தச் சக தொழிலாளிக்கு நீண்டகால நீரிழிவும் கட்டுப்படாத அழுத்தமும் இருந்தன. மாத்திரையும் சிறுநீரகக் கேடும் ஒரே நோயிலிருந்து கிளைத்தவை. உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண் வடிகட்டிகளை ஆண்டுக்கணக்கில் சிதைக்கிறது; மாத்திரை அந்தச் சிதைவைத்தான் தாமதப்படுத்துகிறது. டப்பாவில் கிடந்தவற்றுள் சிறுநீரகத்துக்கு உண்மையில் தொந்தரவு தரக்கூடியது, அவர் துளியும் அஞ்சாமல் தோள்வலிக்கு விழுங்கிவந்த டைக்ளோஃபெனாக். அந்த வகை வலி மாத்திரை இரத்த அழுத்தத்தை ஏற்றும். டெல்மிசார்டனின் பலனையும் குறைக்கும். உடம்புக்கு ஓய்வு கொடுக்க மாதத்தில் சில நாட்கள் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவைத்தவர், வலி மாத்திரைக்கு அப்படி ஓய்வு கொடுத்ததில்லை.

நான்காவது, கால் வீக்கம். அம்லோடிபினைக் கூட்டிய சில வாரங்களில், நின்றே வேலை செய்பவருக்குக் கணுக்கால்கள் வீங்கின. அம்லோடிபினின் இந்தப் பக்கவிளைவு அளவு கூடக்கூடக் கூடும். எந்த மாத்திரையால் வீக்கம் வருகிறது என்பதை அவர் தானே கண்டுபிடித்தார்: முதலில் ஒன்றை நிறுத்திப் பார்த்தார், வீக்கம் இறங்கவில்லை, பிறகு மற்றதை நிறுத்தினார், சில நாட்களில் இறங்கிவிட்டது. தறியில் கோளாறு வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும் அதே முறை. இவ்வளவு துல்லியமாகக் கண்டறிந்ததை மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "வேண்டாம்னு சொன்னா அடுத்த மாசத்துலிருந்து எல்லாத்தையும் நிறுத்திப்போடுவாங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லக் கூடாது என்ற கூச்சம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. சுகாதார நிலையத்துக்குப் போகும் நாளுக்கு முன் இரண்டு நாட்கள் மட்டும் தவறாமல் போட்டுக்கொள்வார், தேர்வுக்கு முந்தைய இரவில் படிக்கும் மாணவனைப் போல. பதிவேட்டில் அளவுகள் ஏறி இறங்கியதற்கு விளக்கம் இங்கேதான் கிடைத்தது. அம்லோடிபின் உடலில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். அதன் முழுப் பலன் நிலைபெற ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். பகல் ஷிப்ட் வாரத்தில் வந்தால் அரைகுறைப் பலனோடு அளவு ஓரளவு குறைந்திருக்கும். ராத்திரி ஷிப்ட் வாரத்தில் வந்தால் உயர்ந்திருக்கும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் போலத் தோன்றியதில் வியப்பில்லை. அந்தத் தோற்றத்தை நம்பி அளவைக் கூட்டியதால் கால் வீக்கம் வந்தது, வீக்கத்தால் அம்லோடிபின் அடியோடு நின்றது, அது நின்றதால் அழுத்தம் இன்னும் ஏறியது.

ஏன் உணர முடிவதில்லை

மூளையின் சிறு தமனிகள் அழுத்தம் ஏறும்போது சுருங்கியும் இறங்கும்போது விரிந்தும், மூளைக்குப் போகும் இரத்தத்தின் அளவை ஏறத்தாழ ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன. அழுத்தம் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால் இந்தச் சீரமைப்பும் உயர்ந்த நிலைக்கே பழகிவிடுகிறது. ஆகையால் 170 இருப்பவருக்கு உடம்பு லேசாக இருப்பதாகத் தோன்றலாம். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் அழுத்தம் இறங்கும்போது சற்றுத் தளர்ச்சி தோன்றி, மருந்துதான் உடம்பைக் கெடுக்கிறது என்ற எண்ணத்தை வலுப்படுத்தவும் கூடும். இதற்கிடையே மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்தமனிகளின் சுவர் தடித்து, உட்குழாய் குறுகிக்கொண்டே வருகிறது. அங்கே வலி நரம்புகள் எதுவும் செய்தி சொல்வதில்லை.

இதை வாயால் விளக்கியதைவிட வேறொரு முறை நன்றாகப் பலித்தது. சிகிச்சையை மீண்டும் தொடங்கிய முதல் வாரங்களில் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அளக்கும்போதெல்லாம், அளப்பதற்கு முன், இன்று கூடுதலா, சாதாரணமா என்று அவரையே சொல்லச் சொன்னோம். அரை மணி நேரமாக டீ குடிக்காமல், ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை அளக்கப்பட்டது. உடம்பு லேசாக இருக்கிறது என்று சொன்ன நாளில் 174/100. பொடனி வலி தாங்கவில்லை என்ற நாளில் 148/90. அவர் சொன்னதும் கருவி காட்டியதும் ஒரு தாளில் அடுத்தடுத்து ஏறிக்கொண்டே வர, ஒரு நாள் அவரே கேட்டார்: "அப்ப இந்தப் பொடனி வலி எதுனாலங்க?" தறியின் மேல் மணிக்கணக்கில் குனிந்து நிற்பதும் தூக்கமின்மையும் காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கியது, டைக்ளோஃபெனாக்கை நிறுத்தி, பாரசிட்டமாலும் தோள் பயிற்சியும் போதுமா என்று பார்க்கவும் வழி பிறந்தது.

சிகிச்சையில் செய்த மாற்றங்கள்

மூன்றாவது மருந்து சேர்க்கப்படவில்லை. அம்லோடிபின் மீண்டும் 5 மி.கி. ஆனது, டெல்மிசார்டன் போன்ற மருந்தோடு சேரும்போது கால் வீக்கம் குறைவாகவே வரும் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும்படி சொல்லப்பட்டது. எந்த நேரத்தில் எடுப்பது என்பதில்தான் அதிக நேரம் செலவானது. தறி இரவு எட்டு மணிக்கு ஆள் மாறுகிறது. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் எட்டு மணிக்குக் கிளம்புமுன் சாப்பிடுகிறார். பகல் ஷிப்ட் வாரத்தில் எட்டு மணிக்குமேல் திரும்பி வந்து சாப்பிடுகிறார். இரண்டு வாரங்களுக்கும் பொதுவாக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் வரும் ஒரே வேளை அந்த இரவுச் சாப்பாடுதான். காலை மாத்திரையை இரவுக்கு மாற்றலாமா என்ற தயக்கத்துக்குப் பதிலாக, பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2022இல் வெளியான டைம் ஆய்வு இருக்கிறது. காலையில் எடுத்தவர்களுக்கும் மாலையில் எடுத்தவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. சாப்பிடாவிட்டாலும் போடலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதிக்கொடுத்தோம்.

உப்பு பற்றி நீண்ட அறிவுரை தரப்படவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைத் தறித் தொழிலாளியிடம் எண்ணாகச் சொல்வதில் பயன் குறைவு. ஷிப்டுக்குக் கட்டிக்கொண்டு போகும் தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று மனைவியோடு பேசி முடிவாயிற்று. சிறுநீரக அச்சத்துக்கு, அவருடைய கிரியேட்டினின் அறிக்கையையே கையில் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொன்னோம்.

ஆறு வாரங்களில் அளவுகள் 134 முதல் 140 வரையில் வந்து நின்றன. கால் வீக்கம் இல்லை. பக்கவாத எச்சரிக்கை ஒருமுறை வந்துவிட்டவருக்கு 130/80க்குக் கீழ் இருப்பது நல்லது என்பதால், பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்த்தபின் டெல்மிசார்டன் 80 மி.கி. ஆக உயர்த்தப்பட்டது. அடுத்த இரண்டு மாதங்களில் வீட்டு அளவு 126/78ஐ ஒட்டியே இருந்தது. இந்த முறை அளவைக் கூட்டியதற்குப் பொருள் இருந்தது. கூட்டிய மருந்து உள்ளே போனது.

இந்த முன்னேற்றத்துக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல ஒரே நோயாளியை வைத்து முடியாது. வேளை மாற்றமா, வலி மாத்திரை நின்றதா, கைவிரல்கள் அசையாமல் போன அந்த அரை மணி நேரத்தின் பயமா என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. பயம் ஒரு பங்கு வகித்தது என்றே கருதுகிறேன்; அது நாளடைவில் தேயும். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்துகளைச் சேர்த்துத் தரும் கலவைகள் 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. மாத்திரைகளின் எண்ணிக்கையே சுமையாக இருப்பவர்களுக்கு அவை பெரிய உதவி. இவரைப் பொறுத்தவரை எண்ணிக்கை ஒரு தடையாகவே இருக்கவில்லை. காலை உணவுக்குப் பின் என்று எழுதிய கலவை மாத்திரையும் அதே டப்பாவுக்குத்தான் போயிருக்கும்.

டப்பாவின் கணக்கில் ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. அவர் சொன்னபடி மாதத்துக்குப் பத்து டெல்மிசார்டன் என்று வைத்தால், ஆறு மாதங்களில் ஏறத்தாழ 120 மிஞ்சியிருக்க வேண்டும், இருந்தவை 71. மறைக்க இனி எதுவும் இல்லாத நிலையில் அவருக்கும் இது புரியவில்லை. குறைந்தவை அவருடைய மனைவியிடம் போயிருந்தன. தலை சுற்றும் நாட்களில் கணவருடைய சின்ன மாத்திரையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீடு வீடாக அளந்த நாட்களிலெல்லாம் அவர் நூல் சுற்றும் வேலைக்குப் போயிருந்ததால், அவருடைய கையில் ஒருமுறைகூடப் பட்டை கட்டப்படவில்லை. முதல் முறை அளந்தபோது 156/94, அடுத்த வாரம் 152/96. அவர் பெயரில் தனி அட்டை எழுதப்பட்டு, இரத்தச் சர்க்கரையும் கிரியேட்டினினும் பார்க்கப்பட்டு, தனி மருந்து தொடங்கப்பட்டுள்ளது. தலைசுற்றலின் காரணம் வேறாகவும் இருக்கலாம் என்பதால் இரத்தசோகைக்கான பரிசோதனையும் செய்யப்பட்டது; அதன் முடிவு இன்னும் வர வேண்டியிருக்கிறது.